டெக்சாஸ் சிட்டியின் மூன்று சேஃப்டி வால்வுகளும் 439 குற்றச்சாட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பது வருஷம், ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுன் வேலைகளில், அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறக்கும் சேஃப்டி வால்வைக் கழற்றி, சோதித்து, திரும்ப மாட்டியவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு டெக்சாஸ் சிட்டி கதையைச் சொல்லாமல் ஒரு ஷட்டவுனும் தொடங்கியதில்லை. சொன்னதும் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

டெக்சாஸ் சிட்டியில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் ஹூஸ்டனுக்குத் தென்கிழக்கே, கால்வெஸ்டன் விரிகுடா ஓரத்தில் இருக்கிற ஊர் அது. 1947-ல் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய கப்பல் துறைமுகத்தில் வெடித்து 580 பேருக்கு மேல் செத்ததும் இதே ஊரில்தான். அங்கே 1934 முதல் ஓடிக்கொண்டிருந்த சுத்திகரிப்பு ஆலை, 2005-ல் பிபி (BP) எண்ணெய் நிறுவனத்திடம் இருந்தது. நாளொன்றுக்கு 4,60,000 பீப்பாய் வரை கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலை.

2005 மார்ச் 23. பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த, பெட்ரோலின் தரத்தைக் கூட்டும் ஐசோமரைசேஷன் யூனிட்டை விடியலுக்கு முன்பே மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். அங்கே ராஃபினேட் ஸ்பிளிட்டர் என்று 170 அடி உயரக் கோபுரம் ஒன்று. பெட்ரோலில் சேர்க்கும் சரக்கை லேசானது, கனமானது என்று பிரிப்பது அதன் வேலை. அடியில் சில அடி மட்டுமே திரவம் நிற்க வேண்டிய அந்தக் கோபுரம் உச்சி வரை நிரம்பி வழிந்தது. வழிந்தது சேஃப்டி வால்வுகளைத் தாண்டி, புகைபோக்கி மாதிரி திறந்து கிடந்த ஒரு குழாயின் தலையிலிருந்து ஊற்றுப்போலப் பீய்ச்சியது. கீழே விழுந்து ஆவியாகப் பரவியது. பகல் 1.20-க்குத் தீப்பிடித்து வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேருக்குக் காயம். முக்கால் மைல் தள்ளியிருந்த வீடுகளில்கூட ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது.

சேஃப்டி வால்வு வேலை செய்யவில்லையா?

செய்தது. மூன்றும் திறந்தன. எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் தண்ணீரும் பாதி வரை இருந்தால் வெயிட் வழியாக நீராவி மட்டும் வரும். கழுத்து வரை நிரப்பி மூடியிருந்தால்? விசில் வரும்போது நீராவியோடு பருப்புத் தண்ணீரும் சேர்ந்து பீய்ச்சும். குக்கரின் மேல் குறையில்லை, வெயிட்டும் சரியாகத்தான் தூக்கியது. ஆனால் வாயு வெளியேற வேண்டிய வழியில் திரவம் வந்துவிட்டது. அடுப்பு, சுவர், கூரை எல்லாம் பருப்பு.

டெக்சாஸ் சிட்டியில் கோபுர உச்சியிலிருந்து ஆவியைக் கீழே கொண்டுவரும் குழாயில், உச்சியிலிருந்து ஏறத்தாழ 148 அடி கீழே மூன்று சேஃப்டி வால்வுகள் இருந்தன. 40, 41, 42 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒவ்வொன்றாகத் திறக்கும்படி அமைத்திருந்தார்கள். அதாவது ஒரு சதுர அங்குலத்தின் மேல் 40 பவுண்டு கனம் ஏறினால் முதல் வால்வு திறக்கும். ஆவி வர வேண்டிய குழாயில் திரவம் இறங்கி நிறைந்ததும், அந்த 148 அடித் திரவத் தூணின் கனம் அப்படியே வால்வின் தலையில் உட்கார்ந்தது. 21 பிஎஸ்ஐ சுமாராக இருந்த அழுத்தம் 60-ஐத் தாண்டியது. மூன்று வால்வும் திறந்து ஆறு நிமிஷம் திறந்தே நின்றன. கிட்டத்தட்ட 52,000 காலன், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர், அவற்றின் வழியே போனது. வால்வுகள் திறந்ததால் கோபுரம் கிழியாமல் தப்பியது.

அப்படியென்றால் எங்கே தப்பு? வால்வு திறந்துவிட்ட சரக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில்தான் தப்பு.

எங்கே போனது?

பிளோடவுன் டிரம் என்ற பழைய மாதிரித் தொட்டிக்கு. 1950-களின் வடிவமைப்பு. தொட்டியின் மேல் நெடிய குழாய், அதன் வாய் தரையிலிருந்து 113 அடி உயரத்தில் வானத்தைப் பார்த்துத் திறந்தபடி. முனையில் எரிக்கும் சுடர் கிடையாது. கொஞ்சமாக ஆவி வந்தால் காற்றில் கலந்து போய்விடும் என்ற நம்பிக்கையில் கட்டியது. இன்று எந்த ஆலைக்குப் போனாலும் உயரத்தில் எரிந்துகொண்டே இருக்கிற ஃபிளேர் சுடரைப் பார்க்கலாம். சேஃப்டி வால்வுகள் விடுகிற சரக்கு மூடிய குழாய் வழியாகப் போய், திரவம் பிரிந்து, வாயு மட்டும் அந்தச் சுடரில் எரிய வேண்டும். ஐசோமரைசேஷன் யூனிட்டின் இந்தத் தொட்டிக்கு அந்த இணைப்பு இல்லை.

தொட்டி சில நிமிஷங்களில் நிறைந்தது. அதன் உயர்மட்ட அலாரம் ஒலிக்கவில்லை. குழாயின் வாயிலிருந்து 20 அடி உயரத்துக்குத் திரவம் எழும்பி விழுந்ததைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி வெளியே கொட்டியது மட்டும் ஏறத்தாழ 7,600 காலன், ஒரு டேங்கர் லாரி கொள்கிற அளவு. சற்றுத் தள்ளி எஞ்சின் ஓடியபடி நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி ஆவியை உறிஞ்சி, எஞ்சின் தறிகெட்டு ஓடி, அங்கிருந்துதான் தீ பற்றியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு.

அந்தத் தொட்டி ஆபத்தானது என்று யாருக்கும் தெரியாதா?

தெரியும். எனக்குக் கோபம் அடங்காத இடம் இது.

1992-ல் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, இதே ஆலையில் இதே மாதிரியான வேறொரு பிளோடவுன் தொட்டி பாதுகாப்பற்றது என்று நோட்டீஸ் கொடுத்தது. அப்போது உரிமையாளர் அமோகோ நிறுவனம். சமரசப் பேச்சில் அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. புதிதாக இப்படித் தொட்டி கட்டக் கூடாது என்று அமோகோவின் சொந்தப் பொறியியல் விதியே சொன்னது. ஆனாலும் 1997-ல் துருப்பிடித்த பழைய தொட்டியை எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றையே வைத்தார்கள். 1998-ல் அமோகோ பிபியோடு இணைந்தது. 2002-ல் இதை ஃபிளேரோடு இணைக்கலாம் என்ற யோசனை மேஜைக்கு வந்தது. செய்யவில்லை. 1994 முதல் 2004 வரை இந்தத் தொட்டியிலிருந்து எட்டு முறை கடுமையான சம்பவங்கள், அவற்றில் இரண்டு முறை தீ.

ஒவ்வொன்றும் காகிதத்தில் இருக்கிறது. எழுதாமல் விட்ட குறை என்று ஒன்றுகூட இல்லை. எழுதியவர் பேனாவை மூடி வைத்ததோடு வேலை முடிந்துவிட்டது.

170 அடிக் கோபுரம் நிரம்புவது எப்படித் தெரியாமல் போகும்?

மட்டம் காட்டும் கருவி கோபுரத்தின் அடியில் 4 அடி முதல் 9 அடி வரையிலான ஐந்து அடியைத்தான் பார்க்கும். 9 அடிக்கு மேல் என்ன நடந்தாலும் அதற்குக் கண் தெரியாது. அதுவும் பல வருஷத்துக்கு முன் வேறொரு திரவத்தின் அடர்த்திக்குச் சரிசெய்த கணக்கில் ஓடியது. திரவம் சூடாகச் சூடாக அது காட்டும் அளவு குறைந்துகொண்டே வந்தது. பகல் 1.04-க்கு திரை 78 சதவீதம், அதாவது ஏறத்தாழ 7.9 அடி என்று காட்டியது. அந்த நேரம் உண்மையான மட்டம் 158 அடி என்று பின்னால் கணக்கிட்டார்கள். திரையைப் பார்த்தவர் மட்டம் இறங்குகிறது என்று நிம்மதியாக இருந்திருப்பார்.

72 சதவீதத்தில் அடிக்க வேண்டிய முதல் அலாரம் அதிகாலை 3.09-க்கு அடித்தது. தனி வயரில் இருந்த இரண்டாவது அலாரம் அடிக்கவே இல்லை. நேரில் போய்ப் பார்ப்பதற்கான கண்ணாடிக் குழாய் அழுக்கேறி ஒன்றும் தெரியாத நிலையில் இருந்தது. கோபுரத்தின் அடியிலிருந்து கனமான சரக்கை வெளியே விடும் வால்வு மணிக்கணக்கில் மூடியே இருந்தது. உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை.

கருவிகளில் கோளாறு இருப்பது முன்பே தெரிந்துதான் யூனிட்டை ஓட்டத் தொடங்கினார்கள். அதையும் எழுதியே வைத்திருந்தார்கள்.

அப்படியானால் ஆபரேட்டரின் தப்புதானே?

நிறுவனத்தின் முதல் அறிக்கையும் அப்படித்தான் கை காட்டியது. செயல்முறைப்படி மட்டத்தை 50 சதவீதத்தில் நிறுத்தியிருக்க வேண்டும், அவர்கள் நிறுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த யூனிட்டில் முந்தைய பல ஸ்டார்ட்டப்களிலும் மட்டத்தை ஏற்றித்தான் ஓட்டியிருக்கிறார்கள். மட்டம் திடீரென்று இறங்கினால் ஃபர்னஸ் கெட்டுப்போகும் என்ற பயம். யாரும் அதைக் கேட்டதில்லை, செயல்முறையைத் திருத்தியதுமில்லை.

அந்த ஆபரேட்டர்கள் தினம் 12 மணி நேர ஷிஃப்டில், 29 நாளோ அதற்கு மேலோ ஒரு நாளும் ஓய்வில்லாமல் வேலை பார்த்திருந்தார்கள். கன்ட்ரோல் ரூமில் ஒரே ஆள் மூன்று யூனிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு ஷிஃப்ட் பகல் ஷிஃப்டுக்கு விட்டுப்போன குறிப்பு ஒரே ஒரு வரி. காலை 11 மணிவாக்கில் சூப்பர்வைசர் குடும்ப அவசரத்துக்காகக் கிளம்பிப் போனார், அவர் இடத்துக்கு அனுபவமுள்ள ஆள் யாரும் வரவில்லை. 1999-ல் 25 சதவீதம் செலவு குறைக்கச் சொன்னது மேலிடம். 2005-க்கும் இன்னொரு 25 சதவீதக் குறைப்பு கேட்டது. தவறான அளவைக் காட்டும் திரைக்கு முன்னால் தூக்கம் இல்லாத ஒருவரை உட்கார வைத்துவிட்டு, பழியையும் அவர் தலையிலேயே போடுவதை என்னால் ஏற்க முடியாது.

இறந்தவர்கள் யார்? அந்த யூனிட்டில் வேலை பார்த்தவர்களா?

இல்லை. பதினைந்து பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். பக்கத்து யூனிட்டின் ஷட்டவுனுக்காக வந்தவர்கள். நம் ஆட்கள் போர்ட்டா கேபின் என்று சொல்வோமே, அந்த மாதிரித் தகரக் கூண்டுகளைப் பிளோடவுன் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மிக நெருக்கமானது 121 அடி தூரத்தில். அன்று மதியம் விபத்தில்லாமல் ஒரு மாதம் வேலை நடந்ததற்கு ஒரு விருந்து. சாப்பிட்டுவிட்டு மீட்டிங்குக்காகக் கேபினில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு யூனிட் ஸ்டார்ட்டப் ஆகிறது, அதுதான் மிக ஆபத்தான நேரம், எழுந்து போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அபாயச் சங்கும் நேரத்துக்கு ஒலிக்கவில்லை.

தமிழில் இதை எழுதுவதற்கு இதுவே காரணம். வளைகுடா நாடுகளில், ஜாம்நகரில், மணலியில், சிங்கப்பூரில் ஷட்டவுன் என்றால் கேபினில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நம் ஊர் ஃபிட்டரும் ரிக்கரும் வெல்டரும்தான்.

439 குற்றச்சாட்டு என்கிறீர்களே, அது இந்த விபத்துக்காகவா?

இல்லை, அதற்குப் பிறகு. 2005 செப்டம்பரில் ஓஷா 300-க்கும் மேற்பட்ட மீறல்களுக்காக 2.136 கோடி டாலர் அபராதம் போட்டது. பிபி கட்டியது. நான்கு வருஷத்துக்குள் குறைகளைச் சரிசெய்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டது.

2009-ல் அந்தக் கெடு முடியும் தறுவாயில் ஓஷா ஆட்கள் மறுபடி உள்ளே போனார்கள். அக்டோபர் கடைசியில் முடிவை அறிவித்தார்கள். ஒப்புக்கொண்டும் சரிசெய்யாதவை 270. புதிதாகக் கண்டுபிடித்தவை 439, வேண்டுமென்றே செய்த மீறல் என்ற வகையில். அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் மற்ற செயல்முறைப் பாதுகாப்பு விதிகளும் பற்றியவை அந்த 439. அழுத்தத்தைக் குறைக்க வெளியேற்றிய சரக்கால் 15 பேர் செத்த ஆலையில், நான்கரை வருஷம் கழித்தும் அதே வகைக் குறைகள்.

அபராதத்தைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு புரியும். வேண்டுமென்றே செய்த மீறல் ஒன்றுக்கு அப்போது உச்ச அபராதம் 70,000 டாலர். 439-ஐ அதனால் பெருக்கினால் 3.07 கோடி. சரிசெய்யாத 270-க்கு ஒன்றுக்கு 2,10,000 வீதம் 5.67 கோடி. மொத்தம் 8.74 கோடி டாலர். அன்றுவரை ஓஷா விதித்ததிலேயே பெரிய தொகை அது.

'வேண்டுமென்றே' என்றால் கொல்ல வேண்டும் என்று செய்தார்களா?

அப்படிப் பொருளில்லை. விதி தெரியும், ஆபத்தும் தெரியும், தெரிந்தே விட்டுவிட்டார்கள் அல்லது என்ன ஆனால் என்ன என்று இருந்தார்கள் என்பதுதான் அந்தச் சொல்லின் சட்டப் பொருள். தெரியாமல் நடந்த மீறலுக்கும் இதற்கும் அபராதத்தில் பத்து மடங்கு வித்தியாசம். சட்டம் கேட்கிற கேள்வி, 'உனக்கு முன்பே தெரியுமா?' என்பதுதான்.

சேஃப்டி வால்வில் விதிமீறல் என்றால் என்ன? வால்வே இல்லாமல் இருப்பதா?

அது அபூர்வம். வால்வு கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும், பெயின்ட் பளபளக்கும், உள்ளேதான் குறை இருக்கும்.

முதலாவது, அளவு. யூனிட் கட்டியபோது ஒரு கொள்ளளவுக்குக் கணக்குப் போட்டு வால்வு வைத்திருப்பார்கள். பிறகு உற்பத்தியைக் கூட்டுவார்கள், உள்ளே வரும் சரக்கு (ஃபீட்) மாறும், ஹீட்டர் பெரிதாகும். வால்வு மட்டும் அதே அளவில் நிற்கும். கணக்குத் தாளைக் கேட்டால் இருக்காது, அல்லது இருபது வருஷம் பழையதாக இருக்கும். அமெரிக்காவில் 1992-ல் வந்த செயல்முறைப் பாதுகாப்பு விதி, இந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும், கருவி இந்தத் தொழிலில் ஏற்கப்பட்ட நல்ல பொறியியல் முறைப்படி இருப்பதை ஆவணத்தில் காட்ட வேண்டும் என்கிறது.

இரண்டாவது, வால்வுக்குப் போகும் குழாய். கலத்துக்கும் வால்வுக்கும் நடுவே குழாய் நீளமாகவோ ஒல்லியாகவோ வளைவு நிறைந்ததாகவோ இருந்தால், வால்வு திறந்ததும் நுழைவாயில் அழுத்தம் சட்டென்று விழும். வால்வு மூடும். மூடியதும் அழுத்தம் ஏறும், திறக்கும். நொடிக்குப் பல முறை இப்படிப் படபடவென்று அடித்துக்கொள்ளும். சாட்டரிங் என்போம். வால்வின் இருக்கை நொறுங்கும், ஃபிளாஞ்ச் போல்ட் தளரும். அதனால்தான் நுழைவாயில் அழுத்த இழப்பு, வால்வு திறக்கும் அழுத்தத்தில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வழக்கம். வெளியே நின்று பார்த்தால் அது மூன்றா எட்டா என்று தெரியாது.

மூன்றாவது, கலத்துக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் வழியை அடைக்க இருக்கும் ஐசொலேஷன் வால்வு. பராமரிப்புக்காக வைப்பது. யூனிட் ஓடும்போது அது திறந்து, சங்கிலி போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். மூடியிருந்தால் சேஃப்டி வால்வு வெறும் அலங்காரம்.

ஒருமுறை, ஊரும் ஆலையும் வேண்டாம், ஸ்டார்ட்டப்புக்கு முந்தைய நாள் ஸ்கேஃபோல்டிங் மேலே ஒரு கலத்தின் சேஃப்டி வால்வை டேக் நம்பர் சரிபார்க்க ஏறினேன். சங்கிலி இருந்தது. பூட்டும் இருந்தது. ஆனால் சங்கிலி கைச்சக்கரத்தின் ஆரத்துக்குள் நுழையாமல் வெறும் தண்டில் சுற்றிக் கிடந்தது. பார்க்கிறவர் கண்ணுக்குப் பூட்டிய மாதிரியே தெரியும். சக்கரத்தைத் திருப்பினேன், சுற்றிக்கொண்டே போனது. பதினோரு சுற்று. முழுக்க மூடியிருந்தது. செக்லிஸ்டில் அந்த வால்வுக்கு நேரே 'திறந்து பூட்டப்பட்டது' என்று டிக் விழுந்திருந்தது. கூட வந்த பையன் "அண்ணே, கீழ போய் யார்கிட்டயும் சொல்லாம தொறந்து விட்றலாமே" என்றான். சொல்லிவிட்டுத்தான் திறந்தோம். அன்று ராத்திரி ஆலை முழுக்க எல்லாச் சங்கிலியையும் மறுபடி பார்க்க வைத்தார்கள். இன்னும் இரண்டு அதே மாதிரி இருந்தன.

நான்காவது, வால்வுக்கு வெளியே போகும் வழி. அதைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது.

சோதனை போட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா?

திறக்கும் அழுத்தம் தெரியும். கழற்றி ஒர்க் ஷாப்பில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, காற்றை மெல்ல ஏற்றுவோம். சரியான அழுத்தம் வந்ததும் டப் என்று திறக்கும், அதைப் பாப் என்போம். சுத்தம் செய்யாமல், வந்த நிலையிலேயே முதல் பாப் எடுக்க வேண்டும். பலர் வால்வைத் துடைத்துக் கழுவி அழகாக்கிய பிறகு சோதிக்கிறார்கள். அதில் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. உள்ளே படிந்த உப்பும் பிசினும் வால்வை ஒட்ட வைத்திருந்ததா என்பதுதான் நமக்கு வேண்டும். 10-ல் திறக்க வேண்டிய வால்வு 14 வரை அசையாமல் நின்று திறந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வால்வு மூன்று வருஷம் ஒரு கலத்தின் மேல் காவல் நின்றது.

ஆனால் டெக்சாஸ் சிட்டியின் மூன்று வால்வுகளைப் பெஞ்சில் போட்டிருந்தால் தேறியிருக்கும். வால்வுக்கு முன்னும் பின்னும் இருப்பது பெஞ்சில் தெரியாது.

8.74 கோடி டாலரையும் கட்டினார்களா?

இல்லை. எதிர்த்து வழக்காடினார்கள். 2010 ஆகஸ்டில், சரிசெய்யாத 270-க்காக 5.06 கோடி டாலர் கட்டவும், ஆலையில் குறைந்தது 50 கோடி டாலர் செலவிட்டுக் குறைகளைத் தீர்க்கவும் பிபி ஒப்புக்கொண்டது. 2012-ல், 439-ல் 409 குற்றச்சாட்டுகள் 1.3 கோடி டாலரில் தீர்க்கப்பட்டன. 2013 தொடக்கத்தில் ஆலையே மாரத்தான் பெட்ரோலியத்துக்குக் கைமாறியது.

யாராவது ஜெயிலுக்குப் போனார்களா?

தனி ஆள் யாரும் போகவில்லை. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் அபராதம் கட்டியது, நன்னடத்தைக் கண்காணிப்பிலும் வைக்கப்பட்டது. பதினைந்து பேர் செத்ததற்குத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தை விடக் காற்று மாசுச் சட்டம்தான் கடுமையாகக் கிடைத்தது என்பது அமெரிக்கச் சட்டத்தின் பெரிய ஓட்டை.

விபத்தில்லாத மாதம் என்று விருந்து வைத்தார்களே, அந்தக் கணக்கு பொய்யா?

பொய்யில்லை. வழுக்கி விழுந்தது, கை நசுங்கியது, கண்ணில் தூசி விழுந்தது என்று எண்ணுகிற கணக்கு அது. அதில் ஆலை தேறியது. ஆனால் வால்வின் கணக்குத் தாள், ஒலிக்காத அலாரம், ஃபிளேர் இல்லாத தொட்டி எதுவும் அந்தக் கணக்கில் சேராது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைத்த குழு, பிபியின் ஐந்து அமெரிக்க ஆலைகளையும் பார்த்துவிட்டு 2007 ஜனவரியில் இதைத்தான் சொன்னது: ஆள் காயப்படும் விகிதத்தை வைத்து ஆலை பாதுகாப்பாக இருப்பதாக நம்பிவிட்டார்கள். 2005 ஜனவரியில், விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு, நிறுவனமே ஏற்பாடு செய்த ஆய்வில், பெரும் விபத்து வரும் என்ற பயம் ஊழியர்களிடம் அசாதாரணமாக இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆலையில் அதற்கு முந்தைய 30 வருஷத்தில் 23 பேர் இறந்திருந்தார்கள், 2004-ல் மட்டும் மூன்று பேர்.

இதனால் எதுவும் மாறியதா?

மாறியது. 2007-ல் ஓஷா நாடு முழுக்கச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தனியாகப் போய்ச் சோதிக்கும் திட்டம் தொடங்கியது. கேபின்களை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் சங்கமான ஏபிஐ அதே வருஷம் தனி வழிகாட்டி வெளியிட்டது. தொடர்ந்து எத்தனை நாள் வேலை வாங்கலாம் என்பதற்கு 2010-ல் இன்னொன்று. நம் ஆட்கள் இன்று சில ஆலைகளில் கேபினுக்கும் யூனிட்டுக்கும் நடுவே பஸ் ஏறிப் போக வேண்டியிருப்பதைக் குறை சொல்கிறார்கள். அந்தத் தூரம் எதற்காக என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆனால் அதே 2010 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டெஸ் ஆலையில் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் கிழிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை வருஷக்கணக்கில் பலவீனமாக்கியிருந்தது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

நான் அடுத்த மாதம் ஷட்டவுனுக்குப் போகிறேன். நான் என்ன செய்ய முடியும்?

கணக்குத் தாளை உங்களிடம் யாரும் காட்டமாட்டார்கள். ஆனால் கண்ணால் பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. சேஃப்டி வால்வின் டேக்கில் திறக்கும் அழுத்தமும் கடைசியாகச் சோதித்த தேதியும் இருக்கும், படியுங்கள். கீழே இருக்கும் ஐசொலேஷன் வால்வின் சங்கிலி சக்கரத்துக்குள் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியேறும் குழாயைக் கண்ணாலேயே பின்தொடருங்கள்: ஃபிளேருக்குப் போகிறதா, தலைக்கு மேல் திறந்து கிடக்கிறதா? ஷட்டவுனில் குழாயை அடைக்க மாட்டிய பிளைண்ட் தகடு ஏதாவது கழற்றாமல் நிற்கிறதா? வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல் பாக்ஸ் மீட்டிங்கில், 'இன்று பக்கத்து யூனிட் ஏதாவது ஸ்டார்ட்டப் ஆகிறதா?' என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கேபினில் உட்கார வேண்டாம். குறையைச் சொல்லும்போது வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள், உங்களிடம் ஒரு படம் இருக்கட்டும்.

எழுதி என்ன பயன்? டெக்சாஸ் சிட்டியிலும் எல்லாம் எழுதித்தானே இருந்தது?

நியாயமான கேள்வி. ஒரு பையன் இதை என்னிடம் முகத்துக்கு நேரே கேட்டான்.

அன்று கேபினில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து இறந்தார்கள். அவர்களுடைய மகளுக்கு அப்போது இருபது வயது. மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக இழப்பீடு வாங்கி ஒதுங்கியபோதும் அந்தப் பெண் சமரசத்துக்கு இறங்கவில்லை. ஆலையின் உள் ஆவணங்களை ஊருக்கு வெளியிட வேண்டும் என்றாள். 2006 நவம்பரில் விசாரணை தொடங்க வேண்டிய கட்டத்தில் பிபி இறங்கிவந்தது. ஆவணங்களை வெளியிட ஒப்புக்கொண்டது. அவள் கேட்டபடி பள்ளிகளுக்கும் மருத்துவ நிறுவனங்களுக்கும் 3.2 கோடி டாலர் கொடுத்தது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த கால்வெஸ்டன் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கும் அதில் ஒரு பங்கு போனது. செலவைக் குறைக்கச் சொன்ன கடிதங்கள், ஃபிளேர் வேண்டாம் என்ற முடிவுகள், பயத்தை எழுதிய ஆய்வு என்று இந்தப் பக்கத்தில் நான் சொன்ன பலவும் ஊருக்குத் தெரியவந்ததில் அந்தப் பெண்ணின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. எழுதி வைத்தவர்கள் யாரோ, பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் எழுதியிராவிட்டால் அவள் கேட்பதற்கு ஒரு தாளும் இருந்திருக்காது.